குகையில் கிடைத்த பழைய இரும்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்வெலின் ‘அயர்ன்ஹார்ட்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைச் சேமித்து வைத்துவிட்டு அப்புறம் வாருங்கள். கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் நிம்மதி. அந்தத் தொடரைக் கிண்டலடித்து முன்பு ஒரு மீம் சுற்றியது. செத்துப்போன அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் மேலே இருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி. அதை நானும் பகிர்ந்தேன். அப்போது தொடர் வெளியாகவே இல்லை. ட்ரெய்லரைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. டோனி என்றால் எனக்கு உயிர். அவர் இடத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் வந்து நிற்கிறாள் என்றதும் கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. 43 லைக் வந்தது. எனக்கெல்லாம் அது பெரிய எண்.

அந்த 43-ல் என் அக்கா மகள் இல்லை. மறுநாள் சாயங்காலம் பட்டறைக்கு வந்தவள், பையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, “பாத்துட்டுத்தான் போட்டீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டாள். நான் லேத் மெஷினின் சக்கில் மாட்டியிருந்த ஜாபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்பக் கவனமாக.

எங்களுடையது சேலம் இரும்பாலை ரோட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஆரம்பித்தது. 2021-ல் அவர் இறந்துபோன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பா என்று நாங்கள் கூப்பிடுகிற அக்கா மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். வகுப்பில் இரண்டே இரண்டு பெண்கள். காலேஜ் விட்டதும் நேராக இங்கே வந்து மெஷினில் நிற்பாள். போன வாரம் ஒரு புஷ்ஷுக்கு போரிங் போடும்போது சூடான இரும்புச் சுருள் ஒன்று பறந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. கத்தவில்லை. உதறிவிட்டு, ஃபீடை நிறுத்திவிட்டு, வெர்னியரை எடுத்து அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையைப் பார்த்தாள். அப்பாவே தான்.

சரி, கதைக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2022-ல் வந்த இரண்டாவது ‘பிளாக் பாந்தர்’ படத்தில் ரீரி வில்லியம்ஸ் என்று சிகாகோவைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் வந்தாளே, டாமினிக் தோர்ன் நடித்தது, அவளைத் தனியாகப் பிரித்தெடுத்த ஆறு எபிசோடு தொடர் இது. அமெரிக்காவில் 2025 ஜூன் 24 அன்று மூன்று, ஒரு வாரம் கழித்து மீதி மூன்று. காமிக்ஸில் அவள் 2016-லேயே வந்துவிட்டாள். அதனால் ‘திடீரென்று எங்கிருந்து முளைத்தாள்’ என்கிற கேள்வியே தப்பு.

ட்ரெய்லரில் ஒரு வசனம். டோனி ஸ்டார்க் கோடீஸ்வரனாக இல்லாமல் இருந்தால் டோனி ஸ்டார்க் ஆகியிருப்பாரா என்று அவள் கேட்கிறாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. எங்கள் ரசிகர் குழுவில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: 2008-ல் வந்த முதல் ‘அயர்ன்மேன்’ படத்தைப் பார், கடத்திக்கொண்டுபோய் அடைத்த குகையில், பழைய இரும்பை வைத்து முதல் கவச சூட்டைச் செய்தவர் அவர், பணமா அங்கே இருந்தது? நானும் அதைத்தான் டைப் செய்தேன். பெருமையாக.

பாப்பா அதற்கு ஒரு பதில் சொன்னாள். இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். “மாமா, அந்தக் குகையில இருந்த பழைய இரும்பு யாருது?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். எல்லாம் அவருடைய கம்பெனி ஏவுகணை. ஸ்டார்க் என்று பெயர் அச்சடித்தது. அதை உடைத்துத்தான் உள்ளே இருந்த பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைச் சுரண்டி எடுத்து, நெஞ்சில் மாட்டும் கருவியைச் செய்துகொண்டார். கூடவே யின்சென் என்று ஒரு டாக்டர், அவரும் விஞ்ஞானி. “நம்ம பழைய இரும்புக் கடையில பல்லேடியம் கிலோ என்ன ரேட்டு மாமா?” என்று அடுத்த கேள்வி.

பட்டறைக்காரனுக்கு இது புரியாமல் இருக்காது. இரண்டடி ஈஎன்8 ரக எஃகு ராடு வாங்கி, அளவு இரண்டு நூல் குறைந்துபோய்க் குப்பையில் போட்டால் அன்றைய கூலி போச்சு. பெரிய கம்பெனியில் இன்னொரு ராடை எடுத்து மாட்டுவார்கள். மூளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், தப்பு செய்ய எத்தனை தடவை வசதி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ரீரி சொன்னது டோனிக்கு அவமரியாதை என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. டோனியே அதைக் கேட்டிருந்தால் நக்கலாக ஏதாவது சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்.

ரீரியை அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியிலிருந்து ஏன் துரத்துகிறார்கள் தெரியுமா? மற்ற மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுத்துக் காசு வாங்கி, அந்தக் காசில் சூட்டுக்குச் சாமான் வாங்குகிறாள். ‘இவளெல்லாம் ஹீரோவா, ஏமாற்றுக்காரி’ என்று ஒரே கூச்சல். எழுதியதில் பாதிப் பேர் நம்ம ஊர் இன்ஜினீயரிங் பையன்கள். ஐயா, ‘ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடைகள் எந்தெந்தக் காலேஜுக்குப் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைகளுக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கிறவனே நான்தான்.

கோபப்பட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். டோனி சாகிற ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வரும்போது அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுக்கிறார் என்றதும் என்ன நடந்தது? பழைய குரலே வேண்டும், இந்தக் குரலில் டோனியைப் பார்க்க முடியாது என்று ஊரே கத்தியது. நல்ல நடிகர்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கு அந்தக் குரலைக் கேட்டால் டோனி தெரியாமல் சேதுபதி தெரிந்தார். தியேட்டரில் முதல் வசனத்துக்கே பின்வரிசையிலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு சத்தம். என் பக்கத்தில் பாப்பா, அப்போது பன்னிரண்டு வயது, அந்தப் பக்கம் மச்சான். மூன்று மணி நேரம் கழித்து டோனி விரலைச் சொடுக்கிவிட்டுச் சாய்ந்தபோது அதே பின்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரலைப் பற்றி அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றைக்குக் கத்தியது பாசத்தில். இன்றைக்கு ரீரியைத் திட்டுவதிலும் பாதி அதே பாசம்தான். வீட்டில் பெரியவர் இறந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் சுருக்கென்று இருக்குமே, அது. மீதிப் பாதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பினப் பெண், அதுவும் தன் மூளையைப் பற்றித் தானே பெருமை பேசுகிற பெண். டோனி ‘நான் மேதை’ என்றால் விசில் அடிப்போம். இவள் சொன்னால் திமிர்.

இது முதல் தடவையும் இல்லை. 2019-ல் பெண் நாயகியாக வந்த ‘கேப்டன் மார்வெல்’ படத்தின் நேரத்தில், வராத படத்துக்கு ஆட்கள் கூட்டமாக வந்து திட்டிக் கொட்டுகிறார்கள் என்று ராட்டன் டொமேட்டோஸ் என்ற சினிமா விமர்சனத் தளம் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பகுதியையே எடுத்துவிட்டது. 2022-ல் ‘ஷீ-ஹல்க்’ தொடர் எடுத்தவர்கள் இன்னும் கெட்டி. என்னென்ன திட்டு வரும் என்று முன்கூட்டியே யூகித்து அதைத் தொடருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்கள் முதல் நாள் விமர்சனம் எடுக்கக் கூடாது என்று கேட்டது. அந்த யூடியூப் பையன்களாவது டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்து திட்டுகிறார்கள்.

எல்லாக் கிளைத் தொடருக்கும் இப்படி ஆவதில்லை. ‘பேட்மேன்’ படத்திலிருந்து பிரிந்த ‘தி பெங்குவின்’ 2024-ல் எட்டு எபிசோடு வந்தது. வில்லனுக்கு எதற்குத் தனித் தொடர் என்று ஆரம்பத்தில் முனகியவர்கள்கூட முடிவில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதில் பெங்குவினாக நடித்த காலின் ஃபாரலுக்குச் சமமாக, சில இடங்களில் அவரையும் தூக்கிச் சாப்பிட்டவர் சோஃபியாவாக வந்த கிரிஸ்டின் மிலியோட்டி. எழுத்து கெட்டியாக இருந்தால் ஜனம் பெண்ணையும் ஏற்கும், வில்லியையும் ஏற்கும். அதனால் திட்டு எல்லாவற்றையும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட்டு மார்வெல் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

ஏனென்றால் ‘அயர்ன்ஹார்ட்’டில் ஓட்டை இருக்கிறது. பட்டறையைச் சாத்திவிட்டு, நானும் பாப்பாவும் பழைய செல்போனை டூல் பெட்டிமேல் சாய்த்து வைத்து இரண்டு இரவில் பார்த்து முடித்தோம். காசுக்காக ரீரி போய்ச் சேர்கிற, ஹூட் என்கிற பார்க்கர் ராபின்ஸின் திருட்டுக் கும்பலில் ஐந்தாறு பேர் வருகிறார்கள், ஒருத்தர் முகமும் மனதில் நிற்கவில்லை. அவனுடைய மந்திர அங்கி எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பது கதாசிரியருக்கு வசதிப்பட்டபடி. கூட்டாளி ஒருவன் சாகட்டும் என்று ரீரி விட்டுவிட்டு வருகிறாளே, அது எவ்வளவு பெரிய விஷயம். அந்தப் பெண் அன்றிரவு தூங்கினாளா என்று காட்ட ஒரு எபிசோடு வேண்டாமா? அடுத்த வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். ஆறு எபிசோடுக்குள் பத்து எபிசோடு கதையைத் திணித்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் சேலத்து முறுக்கு செட்டில் சட்னியை அளவுக்கு மேல் ஊற்றி முறுக்கையே கரைத்துவிட்ட மாதிரி.

இதையெல்லாம் யாராவது பேசினார்களா? இல்லை. ஒரு பக்கம் பார்க்காமலேயே ஒரு ஸ்டார், இன்னொரு பக்கம் அதற்குப் பதிலடி என்று பார்க்காமலேயே பத்து ஸ்டார். நடுவில் பார்த்தவன் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் அடி.

இதில் பெரிய வேடிக்கை மெஃபிஸ்டோ, மார்வெல் கதைகளில் வரும் சாத்தான். 2021 ஜனவரியில் ‘வாண்டாவிஷன்’ வந்ததிலிருந்து நம் ஆட்கள் சுவரில் கறை தெரிந்தால்கூட மெஃபிஸ்டோ என்றார்கள். ‘லோகி’ முதல் எபிசோடில் சர்ச் ஜன்னல் கண்ணாடியில் கொம்பு வைத்த உருவம் வந்ததும் பட்டாசு வெடிக்காத குறை. புலி வருது, புலி வருது என்று நாலரை வருடம். கடைசியில் புலி இந்தத் தொடரின் கடைசி எபிசோடில் வந்தது, சாஷா பேரன் கோஹன் முகத்தோடு. கத்தியவர்கள் பாதிப் பேர் அப்போது தொடரையே புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் குழுவில் ‘யாராவது க்ளிப் அனுப்புங்கப்பா’ என்று கெஞ்சல்.

‘திருடி எப்படி ஹீரோ ஆவாள்’ என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். மச்சானின் ட்ரங்குப் பெட்டியில் முத்து காமிக்ஸ் ஒரு கட்டு இருக்கிறது, இரும்புக்கை மாயாவியாகப் பொறுக்கி வைத்திருப்பார். 1972-ல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்த அந்தப் புத்தகங்களைப் படிக்காத ஐம்பது வயதுக்காரர் சேலத்தில் இருப்பாரா? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்த மாயாவி முதல் கதையில் என்ன செய்தார்? கொள்ளையடித்தார். புத்தி பேதலித்து ஊரை மிரட்டினார். அப்புறம்தான் திருந்தி உளவாளி ஆனார். அவரை நம் அப்பாக்கள் மன்னித்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார்கள்.

இப்போது அந்தக் கடைசிக் காட்சி. ரீரியின் வளர்ப்பு அப்பாவும் உயிர்த் தோழி நாட்டலியும் ஒரே துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள். தன் மூளையை ஸ்கேன் செய்து ஏஐ ஒன்றைச் செய்யப்போய், அது நாட்டலியின் முகத்தோடு, நாட்டலியின் குறும்போடு வந்து நிற்கிறது. முடிவில் அதையும் இழக்கிறாள். இரண்டாம் சாவு. அப்போது மெஃபிஸ்டோ எதிரே உட்கார்ந்து தேனொழுகப் பேசுகிறான், என்ன வேண்டும் உனக்கு என்று. அடுத்து நாட்டலி நிஜமாகவே, உடம்போடு வந்து நிற்கிறாள். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ரீரியின் கையில் கறுப்பாக ஏதோ படர்கிறது. முடிந்தது.

நான் வாய்விட்டுத் திட்டினேன். “இவ்வளவு படிச்ச புள்ள, சாத்தான்கிட்ட போயி கை நீட்டுமா?”

பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. செல்போனில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மச்சான் மாட்டிவிட்டுப் போன பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஒரு பக்கமாகத் திரும்பி வந்தது. அப்புறம் சொன்னாள்: “நானா இருந்தாலும் கை குடுத்திருப்பேன் மாமா.”

எனக்குப் பதில் வரவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு செட்டுக் கடைக்குப் போனோம். கடைக்கார அக்கா தட்டுவடைமேல் பச்சைச் சட்னியைத் தடவி, கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவலை அள்ளி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுத்தார். வண்டிமேல் சாய்ந்தபடி அந்த மீமை அழித்தேன். மார்க் எவ்வளவு போடலாம் என்று பேச்சு வந்தது. பத்துக்கு ஐந்தரை என்றேன். ஏழரை என்றாள். கும்பல் முகமே நிற்கவில்லையே என்றேன். பட்டறைக் காட்சி எல்லாம் நின்னுச்சுல்ல என்றாள். ஆறு வரைக்கும் இறங்கி வந்தேன். அவள் ஏழரையை விட்டு அசையவே இல்லை. இரண்டாவது செட்டுக்குச் சொல்லிவிட்டு, இன்னும் அதே சண்டைதான்.