டிக் டிக் சத்தமெல்லாம் தப்பெட் இடைவெளி அல்ல

தம்பி, பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் தப்பெட்டை இறுக்கினால், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் றொக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்தால், போதும் என்கிறீர்கள். அது பாதி உண்மைதான். வன்னியில் போர்க்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகள் இவை. றொக்கர் நுனி தேயாமல் இருந்தால்தான் அதிசயம்! நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) குழிக்கு மேலே பாலம் போட்டதுபோல நிற்கும். 0.012 அங்குலம் என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட. சத்தத்துக்காக இன்னும் இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வு கருகிவிடும்.

முதலில் றொக்கருக்கு மேலுள்ள மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். றொக்கர் வால்வுத் தண்டின் நடுவில் அமர்கிறதா, ஓரத்திலா? தண்டின் தலையில் மார்க்கரால் மை பூசிச் சுற்றினால் தேயும் இடமே சொல்லிவிடும். அப்புறம் றொக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்றொட்டைக் கண்ணாடித் தட்டில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளும்.