ஏரியைச் சுத்தம் பண்றேன்னு சம்பை வழிச்சு எடுக்காதீங்க

எங்க பக்கத்துல மறுபடியும் ஒரு ஏரிக்கு "அழகுபடுத்தும் பணி" ஆரம்பிச்சாச்சு. ஜேசிபி இறங்கி கரையோரம் இருந்த சம்பு (சேத்துல ஆளுயரத்துக்கு வளர்ற புல் மாதிரிச் செடி), கோரை எல்லாத்தையும் வேரோட வழிச்சு லாரில ஏத்துது, அடுத்து சுத்தி கருங்கல் பதிப்பாங்க, நடைபாதை வரும், நடுவுல ஒரு ஃபவுண்டன் வரும், சாக்கடை வர்ற பைப் மட்டும் அப்படியே இருக்கும். போட்டோ பார்த்துட்டு எல்லாரும் "இப்பதான் க்ளீனா இருக்கு"ன்னு கமெண்ட் போடறாங்க. மனசு கேக்கல, அதான் எழுதறேன். அந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டு இருந்ததே அந்தச் சம்பும் சேறும்தாங்க.

ஒரு சம்புத் தட்டையைச் சேத்துல இருந்து மெதுவா பிடுங்கிப் பாருங்க. தண்ணிக்குள்ள இருந்த பகுதி வழவழன்னு இருக்கும். பாக்டீரியாவும் பாசியும் ஒட்டிக்கிட்டு வாழற படலம் அது, கடந்து போற தண்ணில இருக்கற கழிவைத் தின்னுதான் அது வளருது. தண்டை ஒடிச்சா உள்ள பூரா காத்து அறை, அது வழியா ஆக்சிஜன் கீழ வேர் வரைக்கும் போகும். சுத்தி சேறு கருகருன்னு இருக்கு, ஆனா வேர் மேல மட்டும் துரு நிறத்துல ஒரு பூச்சு இருக்கும். சேத்துல இருக்கற இரும்பு, வேர்ல கசியற ஆக்சிஜன் பட்டு நிஜமாவே துருப்பிடிச்சு உண்டானது அது.

இந்த இடம்தான் முக்கியம். சாக்கடையோட வர்ற அம்மோனியாவை, வேரை ஒட்டி ஆக்சிஜன் இருக்கற இடத்துல ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரேட்டா மாத்துது, கொஞ்சம் தள்ளி ஆக்சிஜனே இல்லாத கருப்புச் சேத்துல இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளிய விட்டுடுது, நாம சுவாசிக்கற காத்துல 78 சதவீதம் இருக்கே அதே நைட்ரஜன். ஆனா இந்த ரெண்டாவது கூட்டத்துக்குத் தீனி வேணும். அது மக்கிப்போன இலை, தட்டை, செத்த பாசில இருந்துதான் வருது. அதைத்தான் நாம குப்பைன்னு வாரிக் கொட்டறோம்.

சேத்துல புதைஞ்சு வாழற சிப்பி, அதான் மட்டி, அதை மறந்துடக் கூடாது. பாசி பிடிச்ச பச்சைத் தண்ணி ஒரு பக்கெட்ல எடுத்து நாலஞ்சு மட்டியைப் போட்டு வைங்க, கொஞ்ச நேரத்துல தண்ணி தெளிய ஆரம்பிக்கறதைக் கண்ணால பார்க்கலாம். கரைல கல்லு பதிச்சு அடியையும் சுரண்டிட்டா அது எங்க புதையும்?

பாஸ்பரஸ் கதை வேற. அது காத்துல போகாது, சேத்துலயே தங்கிடும். அதனாலதான் கோடைல ஏரி வத்தினதும் வண்டல் அள்ளி வயலுக்கு அடிச்சாங்க, பாய்க்குக் கோரை அறுத்தாங்க. ஏரிக்குப் பாரம் குறைஞ்சுது, வயலுக்கு உரம் ஆச்சு. தூர் வார வேணாம்னு நான் சொல்லல, மொத்தமா மொட்டை அடிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ஆகாயத்தாமரையைத் தாராளமா எடுங்க, தண்ணியை மூடி வெளிச்சமே இல்லாம பண்ணிடும், எடுத்ததைக் கரையிலயே போட்டு அழுக விட்டா சத்து பூரா திரும்ப உள்ளதான் போகும்.

இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேக்கறவங்க கொல்கத்தாவைப் பாருங்க. கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம், 12,500 ஹெக்டேர், 2002-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்தது. நகரத்துச் சாக்கடை ஆழம் கம்மியான 'பேரி' குளங்களுக்குப் போகுது, வெயில், பாசி, பாக்டீரியா, மீன் எல்லாம் சேர்ந்து அதைச் சுத்தம் பண்ணுது, அந்த மீனைத்தான் ஊரே வாங்கித் திங்குது. துருபஜ்யோதி கோஷ்னு ஒரு இன்ஜினியர் வாழ்நாள் பூரா இதைக் காப்பாத்தப் போராடினார், 2018-ல காலமானார். நம்மகிட்டயும் சென்னைல பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கு, 2022-ல ராம்சார் அந்தஸ்து கிடைச்சுது, சுருங்கினது போக மிச்சம் இருக்கறதையாவது விட்டு வைக்கணும்.

ஆனா ஒண்ணு, இந்த உயிருங்களுக்கும் ஒரு அளவு இருக்கு. தாங்கறதுக்கு மேல சாக்கடை விட்டா, பாக்டீரியாவே இருக்கற ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துடும், மீன் செத்து மிதக்கும். ஈயம், குரோமியம் மாதிரி உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்னு தீர்க்க முடியாது. தோல், சாயக் கழிவைக் கொண்டு வந்து விட்டுட்டு சம்பு பார்த்துக்கும்னு சொன்னா அது அநியாயம்.

உடனே "கொசு வருமே"ன்னு கேப்பீங்க. மீனும் தட்டான் குஞ்சும் உயிரோட இருக்கற தண்ணில கொசுப்புழு பிழைக்கறது கஷ்டம், மீன் பிழைக்காத, ஆக்சிஜன் செத்த சாக்கடைத் தண்ணில அது கொழிக்கும். அதனால உங்க ஊர் ஏரிக்குத் திட்டம் வந்தா கிராம சபைலயோ வார்டு கூட்டத்துலயோ ரெண்டே கேள்வி கேளுங்க: சாக்கடை பைப்பை எப்ப அடைக்கப் போறீங்க, கரையோரம் எத்தனை அடிக்குச் சம்பும் கோரையும் விட்டு வைக்கப் போறீங்க.