வேகத்தைவிட ஜிட்டரைப் பாருங்கள்
“ஒரு எம்பிபிஎஸ் வேகம் இருந்தால் சிப் செயலியில் வெளிநாட்டுக்குத் தெளிவாகப் பேசலாம்” என்று இணையவழி அழைப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. (சிப், SIP, என்பது இணையம் வழியே அழைப்பை இணைக்கும் முறை.) குரலுக்கு அவ்வளவு வேகமே வேண்டாம், ஜி.729 கோடெக் (குரலை டிஜிட்டல் தரவாக்கும் முறை) ஒரு திசைக்கு சுமார் 24 கேபிபிஎஸ், ஜி.711 சுமார் 80. போக்கும் வரவும் சேர்த்து ஜி.711-க்கே நிமிடத்துக்கு 1.2 எம்பிதான். பேச்சைக் கெடுப்பது ஜிட்டரும் (குரல் தரவுத் துண்டுகள் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வது) தாமதமும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. 400-ஐத் தொட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர், மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், எதிர்முனைக் குரல் மட்டும் கேட்கவில்லை என்கிறார். இதற்குப் பெரிய பிளான் போட்டும் பயனில்லை. அழைப்பை இணைக்கும் சிப் தகவல் ஒரு போர்ட்டிலும் (எண்ணிட்ட இணைய வாயில்) குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகள் வேறு போர்ட்டிலும் வருகின்றன. பின்னதை ரூட்டரின் நாட் (NAT, பல கருவிகளை ஒரே பொது இணைய முகவரியில் இயக்கும் வசதி) உள்ளே விடுவதில்லை. ரூட்டரில் சிப் ஏஎல்ஜி-யை அணையுங்கள் (சிப் அழைப்புகள் நாட்-ஐத் தாண்ட உதவி செய்யத்தான் வைத்தார்கள், உபத்திரவம்தான் அதிகம்), செயலியில் ஸ்டன் (STUN) அல்லது ஐஸ் (ICE) வசதியை இயக்குங்கள், நாட்-ஐத் தாண்டிக் குரல் வர இவை வழி கண்டுபிடிக்கும். விடுதி வைஃபை என்றால் ரூட்டர் நம் கையில் இல்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறி அதே எண்ணை அழையுங்கள், குரல் வந்தால் கோளாறு அந்த வைஃபையில்தான். வெளியே அழைக்க முடிந்து, உள்வரும் அழைப்பு மட்டும் வராவிட்டால் செயலியின் இணைப்பு முறையில் யூடிபி-க்குப் பதில் டிஎல்எஸ் தேர்ந்தெடுத்து, ஆண்ட்ராய்டின் பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து செயலியை விலக்குங்கள்.