டார்ச் டெஸ்டுக்குக் கொட்டும் காசும், கைநழுவிப் போகும் 21 நாளும்

ஒரு கரு கலைந்திருந்தால் போதும். அடுத்த தடவை பிள்ளை உண்டானதும் யாராவது ஒருவர் “டார்ச் செய்து பாருங்கள்” என்பார். கருவுக்குக் கேடு செய்யக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு அது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள தனியார் லேபில் இரத்தம் கொடுத்து, கைக்காசு கட்டி, ரிப்போர்ட்டை வாங்கினால் சைட்டோமெகலோவைரஸ் ஐ.ஜி.ஜி. என்ற வரிக்கு நேரே ‘பொசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதோடு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

என் கருத்து இதுதான்: நம் மலையகத்தில் கர்ப்பிணி ஒருவர் எந்தக் காரணமும் இல்லாமல் இந்த சி.எம்.வி. (சைட்டோமெகலோவைரஸ், கருவில் தொற்றினால் பிள்ளையின் காதைக் கெடுக்கக்கூடியது) டெஸ்ட் செய்வது காசுக்குக் கேடு. அந்த அக்கறையில் பாதியைப் பிறந்த பிள்ளையின் சிறுநீரில், அதுவும் முதல் 21 நாளுக்குள் காட்டினால் சில பிள்ளைகளின் காதையாவது காப்பாற்றலாம்.

ஐ.ஜி.ஜி. என்பது தொற்றுக்கு எதிராக உடம்பு செய்யும் ஒரு புரதம். அது பொசிட்டிவ் என்றால், வாழ்க்கையில் எப்போதோ ஒரு நாள் இந்த வைரஸ் உடம்புக்குள் வந்தது என்று மட்டுமே அர்த்தம். தெற்காசியாவில் வளர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. தாய்ப்பால் வழியாக வரும், மற்றப் பிள்ளைகளின் எச்சிலால் வரும், சிறுநீரால் வரும். வந்தது போகாது, ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் எல்லாமே அப்படித்தான், உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே பத்துப் பேருக்கு டெஸ்ட் செய்தால் ஒன்பது பேருக்காவது பொசிட்டிவ் வரும். அதை வைத்து என்ன முடிவு எடுப்பது?

“ஐ.ஜி.ஜி. இருந்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, பயமே இல்லை” என்று தைரியம் சொல்வதும் சரியில்லை. தாய்மார் ஏறக்குறைய எல்லோருமே முன்பே தொற்றியிருந்த இந்தியப் பகுதி ஒன்றில் 2008ல் வெளியான ஆய்வில், பிறந்த பிள்ளைகளில் 2.1 சதவீதத்தினருக்குக் கருவிலேயே தொற்று இருந்தது. பிரேசிலில் 8,000க்கும் மேற்பட்ட சிசுக்களைப் பார்த்த ஆய்வில் சுமார் 1 சதவீதம். அங்கும் தாய்மாரில் ஏறக்குறைய எல்லோரும் பொசிட்டிவ். பழைய வைரஸ் மறுபடி கிளம்பலாம், வேறொரு ரக வைரஸ் புதிதாகத் தொற்றலாம். கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். முன்பே தொற்றியவருக்கு அது நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் அந்த வகைத் தாய்மார் நம்மிடம் அத்தனை பேர் இருப்பதால் மொத்தக் கணக்கில் பாதிக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதில்லை.

புதுத் தொற்றில் முதலில் வரும் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.எம். இன்னும் மோசம். அது மாதக்கணக்கில் நிற்கும், வேறு தொற்றுகளிலும் பொய்யாக வரும். ஐ.ஜி.எம். பொசிட்டிவ் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அவிடிட்டி, அதாவது ஐ.ஜி.ஜி. வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற அளவு. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த இரத்தத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால் தொற்று கரு தரிக்கும் முன்பே வந்தது. குறைவாக இருந்தால் கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் வந்திருக்கலாம். எந்த வாரத்து இரத்தம் என்று தெரியாமல் இந்த இலக்கத்தைப் படிக்கவே முடியாது. அடிக்கடி கரு கலைவதற்கும் டார்ச் டெஸ்டுக்கும் முடிச்சுப் போடுவதை மகப்பேற்று வழிகாட்டிகளே கைவிட்டுவிட்டன. டெஸ்ட் தேவைப்படும் இடம் வேறு: ஸ்கேனில் பிள்ளையின் குடல் வெளிச்சமாகத் தெரிந்தால், மூளையில் நீர் அறைகள் விரிந்திருந்தால், சுண்ணாம்புப் படிவு தெரிந்தால், வளர்ச்சி நின்றிருந்தால். அப்போது டொக்டரே கேட்பார், செய்யத்தான் வேண்டும்.

இனி பிள்ளைக்கு வருவோம்.

கருவில் தொற்றிய பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பிறக்கும்போது வெளியில் எதுவும் தெரியாமல்தான் பிறக்கிறார்கள். அவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குப் பின்னர் காது மந்தமாகிறது. பத்தில் மீதி ஒருவரிடம்தான் பிறக்கும்போதே அடையாளம் இருக்கும்: தோலில் சிவப்புப் புள்ளிகள், இறங்காத மஞ்சள், வீங்கிய ஈரலும் மண்ணீரலும், சின்னத் தலை, குறைந்த பிளேட்லெட், குறைந்த நிறை.

இந்தக் கடைசி அடையாளத்தில்தான் நம்மிடம் பிசகு நடக்கிறது. தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம். “தாய்க்குச் சத்தில்லை, இரத்தம் குறைவு, பிள்ளை சின்னது” என்று எழுதிவிட்டால் வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றாது. பெரும்பாலும் அந்தக் காரணம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சத்துக் குறைவால் சிறுத்த பிள்ளைக்குப் பொதுவாக உடம்பு மெலிந்திருக்கும், தலைச் சுற்றளவு ஓரளவு தப்பித்திருக்கும். தலையும் சேர்ந்து சிறுத்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். டேப்பை நெற்றிக்கு மேலாகவும் பிடரியின் துருத்திய இடத்தின் மேலாகவும் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய அளவைக் குறிக்க வேண்டும். அரைச் சென்ரிமீற்றர் பிசகினாலும் வரைபடத்தில் பிள்ளை வேறு கோட்டுக்குப் போய்விடும்.

21 நாள் ஏன்? அதற்குள் பிள்ளையின் சிறுநீரில் வைரஸ் இருந்தால் அது கருவிலேயே வந்தது. அதன் பிறகு என்றால் பிரசவத்தின்போதோ தாய்ப்பாலிலோ வந்ததாகவும் இருக்கலாம். நிறைமாதப் பிள்ளைக்கு அப்படி வருவதால் தீங்கு இல்லை. இரண்டையும் பிறகு பிரிக்க வழி மிகக் குறைவு. (இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்தவே வேண்டாம்.) மருத்துவமாது முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறை லயத்துக்கு வருகிறார். கேள்வி கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை: காதுப் பரிசோதனை நடந்ததா, ஒரு காதாவது தவறியதா, தலைச் சுற்றளவு எவ்வளவு, மஞ்சள் இறங்கியதா?

மாதிரி எடுக்கும் முறையில்தான் பாதி டெஸ்ட் கெட்டுப்போகிறது. சிறுநீர் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் போதும். ஒட்டும் பை ஒட்டாமல் போனால், பெண் பிள்ளைகளுக்கு அடிக்கடி அப்படி ஆகும், சுத்தமான பஞ்சு உருண்டைகளை நெப்பிக்குள் வைத்து, நனைந்ததும் ஊசியில்லாத சிறிஞ்சுக்குள் போட்டு அழுத்தி எடுக்கலாம். அடிவயிற்றைக் குளிர்ந்த ஈரத் துணியால் மெதுவாகத் தடவினால் சிசு சீக்கிரம் பெய்யும். போத்தலை 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள். ஐஸ்கட்டியில் நேரே படவிட வேண்டாம். எடுத்த திகதியும் நேரமும் போத்தலிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பதிலின் அர்த்தமே அந்தத் திகதியில் தொங்குகிறது. வெள்ளி பின்னேரம் எடுத்து, திங்கள் போயாவாக இருந்து, செவ்வாய் கண்டிக்குப் போனால் 19ஆம் நாள் பிள்ளை 23ஆம் நாள் பிள்ளை ஆகிவிடாது. எடுத்த நாள்தான் கணக்கு. எச்சிலிலும் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) செய்யலாம். ஆனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் உள்ள வைரஸ் பொய் பொசிட்டிவ் காட்டும். எச்சில் பொசிட்டிவ் என்றால் சிறுநீரில் உறுதி செய்யாமல் மருந்து தொடங்கக் கூடாது.

வைரஸை அடக்கும் மருந்து வால்கன்சிக்ளோவிர். அமெரிக்காவில் கிம்பர்லின் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில், அடையாளங்களோடு பிறந்த 96 சிசுக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு 6 வாரமும் மறுபக்கத்துக்கு 6 மாதமும் கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் இரண்டு பக்கமும் சமம். 12ஆம் மாதத்தில் காது தேறிய அல்லது நன்றாகவே நிலைத்த அளவு 6 மாதப் பக்கத்தில் 73 சதவீதம், 6 வாரப் பக்கத்தில் 57 சதவீதம். நீண்ட சிகிச்சை வென்றது. ஆனால் எல்லோரும் முதல் மாதத்துக்குள் தொடங்கியவர்கள், 1,800 கிராமுக்குக் குறையாதவர்கள். 1,500 கிராம் பிள்ளைக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. எந்த அடையாளமும் இல்லாத, காதும் சரியாக உள்ள பிள்ளைக்கு இந்த மருந்து வழக்கமில்லை. காது மட்டும் குறைந்த பிள்ளைகளுக்கு 13 வாரத்துக்குள் தொடங்கி 6 வாரம் கொடுத்த நெதர்லாந்து ஆய்வு நம்பிக்கை தருகிறது. சின்ன ஆய்வு, குலுக்கல் இல்லாதது.

அளவு கிலோவுக்கு 16 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. 3 கிலோ பிள்ளைக்கு 48 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 1 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. வீட்டுத் தேக்கரண்டியில் 5 மில்லிலீற்றர் பிடிக்கும், அதாவது ஐந்து வேளை மருந்து ஒரே வாயில். சிறிஞ் இல்லாமல் போத்தலை மட்டும் கையில் கொடுத்தனுப்பவே கூடாது. மறுபக்கப் பிழை, பிள்ளை 5 கிலோவான பிறகும் பழைய 1 மில்லிலீற்றரையே கொடுத்துக்கொண்டிருப்பது. நிறை பார்க்கும் நாளில் அளவையும் திருத்தி எழுத வேண்டும். கலக்கிய பாணி பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், 49 நாளோடு அதன் ஆயுள் முடியும். பிரிட்ஜ் இல்லாத லயக் காம்பராக்களுக்கு மருந்து எங்கே இருக்கும் என்பதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பேசி முடிக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து வீட்டிலோ.

தாய் கொழுந்துக்குப் போனபின் மருந்து கொடுப்பது அப்பாயியாகவோ சித்தியாகவோ இருக்கும். சித்தி கர்ப்பிணியாக இருந்தால் அவர் இந்தப் போத்தலைத் தொடக் கூடாது. கருவுக்குக் கேடு செய்யும் மருந்து இது. மற்றவர்களும் கையுறை போடுவது நல்லது. 450 மில்லிகிராம் குளிசையை வீட்டில் அம்மியிலோ கரண்டியிலோ நுணுக்கக் கூடாது.

இரத்தம் பார்க்காமல் கொடுத்தால் இது நஞ்சு. நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு) இறங்கும், அந்த ஆய்வில் முதல் 6 வாரத்திலேயே ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இறங்கியது. இரத்தப் பரிசோதனை முதல் 6 வாரம் வாரம் ஒரு முறை, 8ஆம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. நியூட்ரோபில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, 750க்கு மேல் ஏறிய பிறகு திரும்பத் தொடங்குவது வழக்கம். ஆறு மாதத்தில் பன்னிரண்டு தடவைக்குக் கிட்ட பஸ் ஏற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பேர் (கூலி) போகும். இந்தச் செலவைப் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையும் பேசாது. முழு இரத்தக் கணக்கை அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் எடுத்து, பதிலை மட்டும் பிள்ளை வைத்தியருக்கு அனுப்ப ஒழுங்கு செய்யலாம்.

தடுக்க முடியாதா? ருபெல்லாவைத் தடுப்பூசியால் ஒழித்தோம். 2020ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. சி.எம்.வி.க்கு ஊசி இல்லை. மொடர்னாவின் எம்.ஆர்.என்.ஏ. ஊசி 2025 ஒக்டோபரில் மூன்றாம் கட்ட ஆய்வில் தோற்றது. எதிர்ப்புப் புரத ஊசியான இம்யூனோகுளோபுலின் 2014லும் 2021லும் தோற்றது. கை கொடுத்தது கர்ப்பிணி குடிக்கும் வலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து மட்டும்தான்: 2020ல் இஸ்ரேலில் 90 பெண்களில் செய்த ஆய்வில், பிள்ளைக்குப் போவது 30 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக இறங்கியது. ஒரு நாளைக்கு 8 கிராம், 500 மில்லிகிராம் குளிசையாக 16. சிறுநீரகம் தாங்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதுவும் கரு தரித்த காலத்தையொட்டி அல்லது முதல் மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தொற்றிய பெண்களுக்கு. அந்த வகைப் பெண்கள் நம்மிடம் மிகச் சிலர்.

மிஞ்சுவது சோப்பு. இத்தாலியில் சுத்தம் பற்றிச் சொல்லிக்கொடுத்த 331 கர்ப்பிணிகளில் 4 பேருக்குத்தான் தொற்றியது. சொல்லாத 315 பேரில் 24 பேருக்கு. அவர்களும் முன்பு தொற்றாதவர்கள்தான், ஆனாலும் வேறு ரக வைரஸ் வரும் வழியும் அதே எச்சிலும் சிறுநீரும்தான் என்பதால் நமக்கும் இதைச் செய்யலாம், செலவும் இல்லை. பிள்ளை வைத்த மிச்சச் சோற்றை வழித்துச் சாப்பிடாதீர்கள். அதன் கரண்டியை உங்கள் வாயில் வைத்து சூடு பார்க்காதீர்கள். உதட்டில் கொஞ்சாமல் நெற்றியில் கொஞ்சுங்கள். நெப்பி மாற்றியதும் மூக்குத் துடைத்ததும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வைரஸை வெளிவிடுவார்கள். தண்ணீர்ப் பீலி தூரத்தில் இருக்கிற மடுவத்தில் “கை கழுவு” என்று போஸ்டர் ஒட்டுவது கேலிக்கூத்து. வாசலில் குழாய் வைத்த வாளி ஒன்றும் சோப்பும் நிர்வாகம் கொடுக்க வேண்டியவை.

 

கருவில் தொற்று உறுதியான பிள்ளை பிறந்த அன்று காதுப் பரிசோதனையில் தேறினாலும் விடக் கூடாது; கேட்டல் பிறகும் குறையும். மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு பள்ளிக்கூடம் போகும் வரை வருடம் ஒரு முறை. அடுத்த திகதியைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலேயே, தடுப்பூசித் திகதிகளுக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். தனித் துண்டுத் தாளில் எழுதித் தந்தால் அது மூன்றாம் மாதமே காணாமல் போய்விடும்.