எமன் நுழையாத ஓட்டை

(கடலூர், தேவனாம்பட்டினம். செல்வி அக்கா வீட்டுச் சமையல்கட்டு. சுவரில் வட்டமாக ஓட்டை போடும் கோர் கட்டிங் மிஷினோடு குமார் வந்து நிற்கிறார்.)

குமார்: சிம்னிதான் மாட்டியாச்சே அக்கா. அப்புறம் ஓட்டை எதுக்கு?

செல்வி: பரண்ல ஏறிப் பாரு, தெரியும்.

குமார்: (ஏணியில் நின்று) அடப்பாவி! சிம்னி மாட்டுனவன் புகை போற டக்ட் பைப்போட வாயை இங்கயே விட்டுட்டுப் போயிருக்கான். நேரா பொங்கப்பானைக்குள்ள ஊதுது!

செல்வி: ஓட்டை போடறது எங்க வேலை இல்லன்னுட்டான். நாலு மாசம் வறுத்த புகையெல்லாம் அங்கதான். தைக்குப் பானையை எறக்குனா நெத்திலிக் கருவாட்டு வாசனை. சூரியனுக்கே கவிச்சி காட்டுன மொத ஆளு நான்தான்.

குமார்: சமையல்கட்டு அக்னி மூலையில இருக்கு. கிழக்கு, தெக்கு ரெண்டுதான் வெளிச்செவுரு. கிழக்கால போட்டுடவா?

செல்வி: கிழக்கால கடல்டா! மத்தியானம் கடக்காத்து அடிச்சா புகை திரும்ப என் மூஞ்சிக்கே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்தப் பக்கந்தான் சாத்தும். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறுன அன்னிக்கு, சாத்துன சன்னல் வழியாவே தண்ணி வந்துச்சி. இந்த ஓட்டையும் இருந்திருந்தா அடுப்பு மேடையில படகு விட்டிருப்போம்.

குமார்: அப்ப தெக்கால.

செல்வி: தெக்கால ஓட்டை போட்டா எமன் வருவான்னு எங்க மாமியார் சொல்லுவாங்க.

குமார்: 6 இஞ்ச் பைப்புல எமன் எப்படிக்கா வருவாரு? எருமை வேற இருக்கு.

செல்வி: எருமையை வாசல்ல கட்டிட்டு வந்தா?

குமார்: இந்த மூடியைப் பாருங்க. மேல கீலு, கீழ தொங்கல். மோட்டார் ஓடுனா காத்து தள்ளி வெளிப்பக்கமாத் தூக்கும். நிறுத்துனா தன் எடையில தானே விழுந்து மூடிக்கும். உள்ளேர்ந்து வெளிய போகும், வெளியேர்ந்து உள்ள வராது.

செல்வி: எங்க வீட்டுக்காரர் சம்பளம் மாதிரி.

குமார்: தகரத்துல வாங்கல. உப்புக்காத்துல ரெண்டு மழைக்கு ஓட்டையாயிடும். இது பிளாஸ்டிக்.

செல்வி: பல்லி, அணில் வராம கொசுவலை கட்டிடேன்.

குமார்: கூடாதுக்கா. எண்ணெய்ப் பிசுக்கு வலைக் கண்ணையெல்லாம் அடைச்சிடும். அப்புறம் பல்லியும் வராது, புகையும் போகாது.

செல்வி: எமனை விடு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் கவலை. வறுக்குற வாசனை சன்னலைத் தாண்டுனாப் போதும், கிண்ணத்தோட வந்து நிப்பா. அவளுக்கு பயந்துதான் சிம்னியே வாங்குனேன்.

குமார்: பீமுல படாம, எவ்வளவு மேல முடியுமோ அங்க போடறேன். வாசனை மேலாக்கப் போயிடும். வெளிப்பக்கம் லேசா சரிவும் குடுத்துடறேன், சாரல் தண்ணி உள்ள எறங்காது.

(அடுத்த அரை மணி நேரம் மிஷின் மட்டும்தான் பேசியது. செல்வி அக்காவின் வாய் அசைந்தது. முகத்தைப் பார்த்தால் வாழ்த்து மாதிரி தெரியவில்லை. செங்கல் சேறு மேடையெல்லாம் வழிந்து, கடைசியில் 9 இஞ்ச் செவுரு ஆட்டுக்கல் குழவி மாதிரி உருண்டையாகக் கழன்று வந்தது.)

குமார்: இதைக் குப்பையில போட்டுடவா?

செல்வி: குடு இங்க! ஓரத்துல பாரு, ஏடு ஏடா பெயிண்டு. இந்த மஞ்சள் பெரியவ பொறந்தப்ப அடிச்சது. இந்தப் பச்சை கல்யாணத்துக்கு. அடியில நீலம் மாமியார் காலத்துது, அதைச் சுரண்டிப் போட்டுடு. கதவுக்கு அண்டக் குடுக்க ஆகும்.

(பைப்பை மடங்காமல் நீட்டி, ஒரே வளைவில் வெளியே கொண்டுபோய், சுற்றிலும் சிலிகான் பூசி முடித்தாயிற்று.)

குமார்: நான் வெளியே நின்னு மூடியைப் பாக்கறேன். நீங்க வறுங்க.

செல்வி: நெத்திலி போட்டாச்சு!

குமார்: (வெளியிலிருந்து) மூடி அசையலையேக்கா! பைப்பு கியிப்பு கழண்டுச்சா?

செல்வி: கழலல. நான்தான் சிம்னியைப் போடல.

குமார்: ஏன்?

செல்வி: கரண்டு பில்லு நீயா கட்டுவே?

குமார்: அக்கா!

செல்வி: சரி சரி, போட்டுட்டேன்.

குமார்: தூக்கிடுச்சு! வாசனை நேரா மேலாக்கப் போகுது. ஆமா, அந்தம்மா மாடியிலயா குடியிருக்காங்க?

செல்வி: ஆமா, ஏன்?

குமார்: கிண்ணத்தோட படியில எறங்குறாங்க.