டிஸ்க்குக்குள்ள அப்டேட்டு

(திருப்பூர், 15 வேலம்பாளையம். ஒரு எம்ப்ராய்டரி யூனிட். ஓனர் ருக்மணி அக்கா. கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்திருப்பவர் நந்து. மேசை மேல் ஆறாம் தலைமுறை இன்டெல் போட்ட செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஆறு, விண்டோஸ் 7 டிவிடி ஒன்று.)

ருக்மணி: ஏந்தம்பி, டிஸ்க்கு இருக்குது, கம்ப்யூட்டர் இருக்குது, நீயும் இருக்கற. அப்பறம் என்னத்துக்கு யோசனை?

நந்து: டிஸ்க்கு 2011-ல வந்ததுங்க்கா. சர்வீஸ் பேக் 1 வரைக்குந்தான் உள்ள இருக்குது. 2020 ஜனவரி 14-ல மைக்ரோசாஃப்ட் கையக் கழுவுச்சே, அது வரைக்கும் வந்த ஒம்பது வருச அப்டேட்டு வெளிய கெடக்குது.

ருக்மணி: கெடந்துட்டுப் போகட்டும். இதுகளுக்கு நெட்டே குடுக்கப் போறதில்ல. டிசைன மெஷின் தைக்கற மாதிரி மாத்தி, அதாவது பஞ்சிங் பண்ணி, மெஷினுக்கு அனுப்போணும், அவ்வளவுதான்.

நந்து: டிசைன் எதுலீங்க வரும்?

ருக்மணி: பென்டிரைவுல.

நந்து: யாரோட பென்டிரைவு?

ருக்மணி: வர்றவன் போறவன் அத்தனை பேரோடதுந்தான்.

நந்து: அதுக்குத்தானுங்க அப்டேட்டு. இன்னொண்ணும் இருக்குது. இப்ப வர்ற டிரைவருகள்ல இருக்கற டிஜிட்டல் கையெழுத்து ஷா-2 வகை. உங்க 2011 டிஸ்க்குக்கு ஷா-1 மட்டுந்தான் படிக்கத் தெரியும். புது லேன் கார்டு போட்டீங்கன்னா, டிரைவர் உள்ள போகும், ஆனா மஞ்சள் முக்கோணத்தோட நிக்கும்.

ருக்மணி: செரி, ஆறுக்கும் அப்டேட்டப் போட்டுடு.

நந்து: ஒவ்வொண்ணா போட்டா ஆறு தடவ அதே ரீஸ்டார்ட்டு, அதே "தயவுசெய்து அணைக்காதீர்கள்". அதுக்கு ஒரே தடவ டிஸ்க்குக்குள்ளயே போட்டுட்டா ஆறுலயும் சேந்தே எறங்கீரும். ஸ்லிப்ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க.

ருக்மணி: அதுக்கெதுக்கு இத்தன பாடு? எம் மருமகன் ஒரு டிஸ்க்கு குடுத்தான் பாரு. விண்டோஸ், அப்டேட்டு, கிராக்கு, நாப்பது சாஃப்ட்வேரு, அத்தனையும் உள்ள இருக்குதாம்.

நந்து: நாப்பத்தொண்ணாவதா என்ன இருக்குதுன்னு அவருக்கே தெரியாதுங்க்கா. அதைத் தூக்கி அக்கட்டால வெச்சுருங்க. உங்க டிஸ்க்கையே இமேஜா எடுத்து, விண்டோஸ்ல இருக்கற செர்ட்யூட்டில் கருவிய வெச்சு ஹேஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர், பாத்துட்டேன். மைக்ரோசாஃப்ட் குடுத்த நம்பரோட ஒத்துப் போகுது. அதுல ஆரம்பிச்சாத்தான் மேல கட்டறது நிக்கும்.

ருக்மணி: செரி, என்ன பண்ணுவ, சொல்லிட்டே பண்ணு. நாளைக்கு நீ வராட்டி நானே பாத்துக்கோணும்.

நந்து: டிஸ்க்கு மொத்தத்தையும் என்ற லேப்டாப்ல டி டிரைவுக்கு காப்பி பண்ணியாச்சு. சோர்சஸ் ஃபோல்டர்ல ரெண்டு பெரிய ஃபைல் இருக்குது பாருங்க. இன்ஸ்டால் டாட் விம், அதுல விண்டோஸ் மொத்தமும் சுருட்டி இருக்குது; பூட் டாட் விம், அதுதான் டிஸ்க்குல இருந்து மொதல்ல ஓடறது. ரெண்டுக்கும் ரீட்-ஒன்லி டிக்கை எடுத்துரோணும். எடுக்காட்டி திறக்கறப்பவே உங்களுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிப்போடும்.

ருக்மணி: என்ற டிஸ்க்கு, என்ற காசு, எனக்கே அனுமதி இல்லியா?

நந்து: அட்மினிஸ்ட்ரேட்டரா திறக்காட்டியும் அதே கதிதானுங்க. அப்பறம் டிஸ்ம்-னு ஒரு கட்டளை. விண்டோஸ் 10-லயே இருக்குது, தனியா வாங்க வேண்டியதில்ல. கெட்-விம்-இன்ஃபோன்னு கேட்டா உள்ள என்னென்ன எடிஷன்னு சொல்லும். இது 64 பிட்டு டிஸ்க்கு. ஒண்ணு ஹோம் பேசிக், ரெண்டு ஹோம் பிரீமியம், மூணு புரொபஷனல், நாலு அல்டிமேட். உங்க கம்ப்யூட்டர் ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குதுங்க?

ருக்மணி: (குனிந்து பார்த்து) புரொபஷனல். மேல பல்லி எச்சம்.

நந்து: பல்லிக்கு லைசென்ஸ் வேண்டாம். மூணாவதை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி தனி விம்மா எடுத்துக்கறேன். நாலுக்கும் அப்டேட்டுப் போட்டா நேரமும் நாலு மடங்கு, டிவிடியிலயும் கொள்ளாது. அட்டையில 4.7 ஜிபின்னு போட்டிருப்பான், கம்ப்யூட்டர் கணக்குல 4.38 தான்.

ருக்மணி: நூல்கண்டுலயும் இதே கூத்துத்தான். மேல சொல்லு.

நந்து: சி டிரைவுல காலி ஃபோல்டர் ஒண்ணு. அதுல மவுண்ட் பண்ணுனா விண்டோஸ் மொத்தமும் பிரிஞ்சு வந்து நிக்கும். இப்ப அப்டேட்டைப் போடோணும். எல்லாம் வரிசையாத்தான் போகோணும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு கேபி நம்பர் போட்டிருக்கும். மொதல்ல கேபி 3020369. இது சர்வீசிங் ஸ்டாக்கு, அதாவது அப்டேட்டைப் போடற எந்திரத்துக்கே போடற அப்டேட்டு. அது ஏறுன பொறவு கேபி 3125574, 2016 வரைக்கும் வந்த பெரும்பாலான அப்டேட்டைச் சேத்துக் கட்டுன மூட்டை. அரை ஜிபிக்குக் கிட்ட வரும்.

ருக்மணி: மூட்டைய மொதல்ல போட்டா என்னவாம்?

நந்து: ஏறாதுங்க்கா. எரர் அடிச்சுட்டு நிக்கும்.

ருக்மணி: ஓ, கல்யாணச் சீர் பண்ணி வெக்கற அருமைக்காரர் வராம எப்பிடி சீர் ஆரம்பிக்கும்? மாப்பிள்ள மணையில உக்காந்திருந்தாலும் அவரு வந்தாத்தான ஆகும்.

நந்து: அதேதானுங்க. இந்தக் கல்யாணத்துல அருமைக்காரர் ரெண்டு தடவ வருவாரு. அடுத்தது கேபி 4490628, 2019-ல வந்த சர்வீசிங் ஸ்டாக்கு. அதுக்குப் பொறவு கேபி 4474419. நாஞ்சொன்ன ஷா-2 கையெழுத்தைப் படிக்கக் கத்துக் குடுக்கறது இதுதான். கடைசியா கேபி 4534310, 2020 ஜனவரி ரோலப்பு, அதாவது அந்த மாசத்து மொத்த மூட்டை. 2019 ஆகஸ்டுக்குப் பொறவு வந்ததுல வெறும் ஷா-2 கையெழுத்து மட்டுந்தான். 4474419-ஐ விட்டுட்டு நேரா ரோலப்புக்குப் போனா, இது யாரு எழுதுனதுன்னே தெரியலைன்னு திருப்பி அனுப்பீரும்.

ருக்மணி: அதுக்கு மேல வந்ததெல்லாம்?

நந்து: காசு கட்டுன கம்பெனிகளுக்கு மட்டும். நம்மளுக்கு அதோட செரி.

(நந்து தட்டச்சு செய்கிறார். திரையில் சிவப்பு எழுத்து.)

நந்து: சைபர் எக்ஸ் எட்டு சைபர் சைபர் எஃப் சைபர் எட்டு ஒண்ணு ஈ.

ருக்மணி: லாரி நம்பரா?

நந்து: எரர் நம்பருங்க. இந்தப் பேக்கேஜ் இந்த இமேஜுக்குப் பொருந்தாதுங்குது. அட, 32 பிட்டு ஃபைலை எடுத்துட்டு வந்திருக்கறேன். மைக்ரோசாஃப்ட்டோட அப்டேட்டு கேட்டலாக் சைட்டுல ரெண்டும் ஒரே கேபி நம்பர்ல அக்கம்பக்கம் இருக்கும். ஃபைல் பேரோட வால்ல எக்ஸ்64 இருக்குதா, எக்ஸ்86 இருக்குதான்னு பாத்துத்தான் எடுக்கோணும். (மாற்றிப் போடுகிறார்.) இப்ப ஏறுது. கெட்-பேக்கேஜஸ்னு கேட்டா "இன்ஸ்டால் பெண்டிங்"னு காட்டும். பயப்பட வேண்டியதில்ல, மிச்ச வேலைய விண்டோஸ் போடறப்ப அதே முடிச்சுக்கும்.

ருக்மணி: அப்ப ஆச்சா?

நந்து: இனித்தானுங்க மெயின் சமாச்சாரம். இந்த ஆறாந் தலைமுறை போர்டுல பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரே கெடையாது. எந்த ஓட்டையில சொருகுனாலும் யுஎஸ்பி 3 தான். விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3-ன்னா என்னன்னே தெரியாது. டிஸ்க்கு பூட் ஆகும், மொழி கேக்கும், "நெக்ஸ்ட்" காட்டும். மவுஸ் அசையாது, கீபோர்டும் வேலை செய்யாது.

ருக்மணி: அப்ப எதுல அமுக்கறது?

நந்து: அமுக்க முடியாதுங்க. வேடிக்கை பாக்கலாம். யுஎஸ்பி டிவிடி டிரைவுல இருந்து போட்டா இன்னும் ஜோரு. டிஸ்க்குல இருந்தே பூட் ஆகிட்டு, "சிடி, டிவிடி டிரைவர் காணோம்"னு அந்த டிஸ்க்கையே கேக்கும். பாதிப்பேரு இதைப் பாத்துட்டு டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு தூக்கி வீசீருவாங்க.

ருக்மணி: உள்ள உக்காந்துட்டே கதவு எங்கங்குதாக்கும்.

நந்து: அதனால இன்டெல்லோட யுஎஸ்பி 3 டிரைவரை ரெண்டு எடத்துல போடோணும். பூட் டாட் விம்முல ரெண்டாவது இண்டெக்ஸ், அதுதான் செட்டப் ஸ்கிரீன். ஒண்ணாவதுல போட்டுட்டு ஏன் ஓடலைன்னு தலையச் சொறியறவங்கதான் எச்சு. அப்பறம் இன்ஸ்டால் டாட் விம். அங்க விட்டுட்டீங்கன்னா செட்டப் முடியற வரைக்கும் மவுஸ் ஓடும், டெஸ்க்டாப் வந்ததும் செத்துப்போயிரும். ரெண்டுக்கும் ஆட்-டிரைவர் கட்டளை. எக்ஸி ஃபைலை அப்பிடியே குடுத்தா எடுக்காது, பிரிச்சு ஐஎன்எஃப் இருக்கற ஃபோல்டரைக் காட்டோணும்.

ருக்மணி: (மவுஸை எடுத்து) இந்த சி டிரைவு ஃபோல்டர்ல என்ன இருக்குதுன்னு சித்தெ பாக்கறேன்...

நந்து: அக்கா, திறந்துராதீங்! மவுண்ட் பண்ணுன ஃபோல்டர் எக்ஸ்புளோரர்ல திறந்திருந்தா அன்மவுண்ட் பாதியில மாட்டிக்கும். ஆன்ட்டிவைரஸும் உள்ள பூந்து மோந்து பாக்கும், அதையும் சித்த நேரம் நிறுத்தி வெச்சிருக்கறேன். அன்மவுண்ட்டுக்குக் கடைசியில "கமிட்"னு போட்டா எல்லாம் விம்முக்குள்ள பதியும். "டிஸ்கார்ட்"னு போட்டா பொழுதோட பண்ணுன அத்தனையும் போயிரும், ஒரு வார்த்தை கேக்காது.

ருக்மணி: அப்ப நான் மவுஸைத் தொடல.

நந்து: சில சாஃப்ட்வேரு ஓடறதுக்கு வேணுங்கற டாட் நெட் 4.8-ஐ இந்த மாதிரி உள்ள தள்ள முடியாது. அதுக்கு செட்டப்கம்ப்ளீட்-னு ஒரு சிஎம்டி ஃபைல் எழுதி டிஸ்க்குலயே வெச்சுரலாம். விண்டோஸ் போட்டு முடிஞ்சு, லாகின் வர்றதுக்கு முந்தி அதுவே ஓடிக்கும்.

ருக்மணி: இனி டிஸ்க்குல இழுத்துப் போட்டு எழுதிக் குடு.

நந்து: வெறுமனே இழுத்துப் போட்டு எழுதுனா எல்லா ஃபைலும் இருக்கும், பூட் மட்டும் ஆகாது. ஓஎஸ்சிடிஇமேஜ்னு ஒரு கருவி, மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் ஏடிகே-ங்கற கருவித் தொகுப்புல வரும். பூட் ஃபோல்டர்ல இருக்கற ஈடிஎஃப்எஸ்பூட் ஃபைலைக் காட்டி ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கோட இமேஜ் பண்ணி, அதைத்தான் எழுதோணும். மெதுவான ஸ்பீடு வெச்சு, எழுதுன பொறவு சரிபாக்கற டிக்கும் போட்டுட்டு.

ருக்மணி: எழுதி, அதும் போகாட்டி?

நந்து: மொதல்ல விர்ச்சுவல்பாக்ஸ்ல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற பொய்க் கம்ப்யூட்டர்ல, ஓட்டிப் பாப்பேன். ஆனா அப்டேட்டு ஏறியிருக்குதான்னு மட்டுந்தான் அங்க தெரியும். யுஎஸ்பி சமாச்சாரம் நெச போர்டுலதான் தெரியும், அதனால இந்த ஆறுல ஒண்ணுல சோதிக்கோணும். பயாஸ்ல செக்யூர் பூட்டை அணைச்சு, பழைய முறையில பூட் ஆக விடற சிஎஸ்எம்மை ஆன் பண்ணோணும். அது மறந்தா விண்டோஸ் 7 லோகோவோடயே நின்னுக்கும்.

ருக்மணி: கூலி எவ்வளவு ஆகும்?

நந்து: டிஸ்க்கு பண்ண ரெண்டாயிரங்க. அந்தப் பஞ்சிங் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் சாவியா சொருகற டாங்கிளோட டிரைவர் சிடி குடுங்க, அதையும் உள்ள போட்டுர்றேன்.

(ருக்மணி அட்டாலியில் இருந்து தூசி தட்டி எடுத்துத் தருகிறார். நந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.)

நந்து: அக்கா... இதுல "32 பிட்டு மட்டும்"னு போட்டிருக்குது.

ருக்மணி: போட்டிருந்தா?

நந்து: 64 பிட்டு விண்டோஸ்ல 32 பிட்டு டிரைவர் ஏறவே ஏறாது. டாங்கிள் ஓடாட்டி பஞ்சிங்கும் ஓடாது. கம்பெனியில புது டிரைவர் இல்லைன்னா 32 பிட்டு டிஸ்க்குல மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அஞ்சு கேபியும் எக்ஸ்86, யுஎஸ்பி டிரைவரும் எக்ஸ்86. அதுல ஸ்டார்ட்டர்னு ஒண்ணு எச்சா இருக்கறதால புரொபஷனல் நாலாவதுக்குப் போயிரும். ரேமும் 4 ஜிபிக்கு மேல எடுத்துக்காது.

ருக்மணி: 64-ல பாதி 32. அப்ப கூலியும் பாதிதான தம்பி?