முதலில் பத்து முறை துவைத்துப் பாருங்கள், அப்புறம் வெப்சைட் போடலாம்

போன வாரம் அரவேணுவில் இருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது, நன்றாக வரைகிறான். "அக்கா, டி-ஷர்ட் டிசைன் பண்ணி ஆன்லைனில் விற்கலாம் என்று இருக்கிறேன், வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று பல ஊர்களில் இருந்து இன்பாக்ஸிலும் இதே கேள்விதான் வருகிறது. எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வெப்சைட் பெரிய வேலையே இல்லை. ஷாப்பிஃபை மாதிரி மாதச் சந்தா கட்டுகிற தளம் என்றால் இரண்டு மூன்று நாளில் கடை தயாராகிவிடும். வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் என்கிற இலவசக் கடை வசதியைப் போட்டால் அந்தச் சந்தா மிச்சம், ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். நான் முதல் ஆறு மாதம் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ், யுபிஐ இந்த மூன்றை மட்டும் வைத்தே விற்றேன், எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. நீங்கள் விற்கப்போகிற டி-ஷர்ட்டை நீங்களே போட்டு, பத்து முறை துவைத்து, காயவைத்துப் பார்க்காமல் வெப்சைட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யவில்லை. கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே திருப்பூரில் ஒரு வியாபாரியிடம் போனில் பேசி, வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து, விலை குறைவு என்று 100 பீஸ் வாங்கிவிட்டேன். வந்தபோது பளிச்சென்று அழகாகத்தான் இருந்தது. பிரின்ட் போட்டேன், மூன்று வாரத்தில் முக்கால்வாசி விற்றுப்போனது, வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். அதற்கு அடுத்த மாதம் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. கோயம்புத்தூரில் இருந்து ஒரு அம்மா, கணவருக்கு வாங்கிய லார்ஜ் இப்போது ஒன்பதாவது படிக்கிற பையனுக்குத்தான் சரியாக இருக்கிறது என்று படத்தோடு அனுப்பியிருந்தார். 40 அங்குலத்தில் 5 சதவீதம் சுருங்கினாலே 2 அங்குலம் போய்விடும், லார்ஜ் மீடியம் ஆகிவிடும். இன்னொருவருக்குப் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. கேட்ட எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, என்னை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்களே என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

அதனால் திருப்பூருக்கு நேரில் போங்கள். நமக்கு இருக்கிற பெரிய வசதியே அதுதான். காலையில் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அன்னூர், அவிநாசி வழியாகப் போனால் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நாட்டின் பின்னலாடை ஊரே நம் மலைக்குக் கீழே இருக்கிறது, வெளிமாநிலத்துக்காரர்கள் ரயில் ஏறி வருகிறார்கள், நாம் போனிலேயே முடித்துவிடுகிறோம். திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் நான்கைந்து கடை ஏறி இறங்கித் துணியைத் தொட்டுப் பாருங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. வழக்கமான வட்டக் கழுத்து டி-ஷர்ட்டுக்கு 180 போதும், லூஸாகப் போடுகிற ஓவர்சைஸுக்கு 220, 240. காம்ப்டு நூலா (குட்டை இழைகளைச் சீவி எடுத்தது), பயோ வாஷ் செய்ததா (என்சைமில் அலசி மேல் பிசிறை எடுத்தது), காம்பாக்டிங் ஆனதா (துணியை முன்பே நெருக்கிச் சுருக்கி வைத்தது) என்று கேளுங்கள். காம்பாக்டிங் சரியாக ஆகியிருந்தால் சுருக்கம் வெகுவாகக் குறையும். அவர்கள் சொல்வதை நம்பி மொத்தமாக எடுக்காமல், கடைக்கு இரண்டு பீஸ் சாம்பிள் வாங்கி வந்து, துவைக்கும் முன் நெஞ்சையும் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள், ஒவ்வொரு துவைக்குப் பிறகும் அளந்து பாருங்கள். உங்கள் சைஸ் சார்ட்டும் இந்த அளவில் இருந்துதான் வர வேண்டும். அடுத்தவர் தளத்தில் இருந்து சைஸ் சார்ட்டை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு ரிட்டர்ன் வந்துகொண்டேதான் இருக்கும்.

பிரின்ட் விஷயத்தில் நான் கற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்குப் பிரியமான விஷயமே அதில்தான் மாட்டிக்கொண்டது. சோலைக்காட்டின் மேல் பனி இறங்குகிற மாதிரி ஒரு டிசைன் வரைந்தேன், மரங்களின் உச்சி அப்படியே கரைந்து வெள்ளையில் போய்ச் சேரும். ஃபோனில் பார்க்க அவ்வளவு அழகு. டிடிஎஃப் போட்டோம். டிடிஎஃப் என்றால் படத்தை ஒரு ஃபிலிமில் அடித்து, அதற்கு அடியில் வெள்ளை இங்க் வைத்து, பசைப் பவுடர் தூவி, சூட்டில் துணி மேல் அழுத்துவது. ஒரே ஒரு பீஸ் வேண்டுமானாலும் அடிக்கலாம், எத்தனை கலர் வேண்டுமானாலும் வரும். ஆனால் பாதி தெரிகிற, மங்குகிற விளிம்புகள் அதற்கு ஒத்துவராது. அடியில் இருக்கிற வெள்ளையும் பசையும் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. என் பனி சுண்ணாம்பு தெறித்த மாதிரி வந்தது. கடைசியில் அந்தப் பனியைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து ஸ்கிரீன் பிரின்ட்டில், தண்ணீர் கலந்த வாட்டர் பேஸ் இங்க்கில் போட்ட பிறகுதான் சரியானது. ஸ்கிரீன் பிரின்ட்டில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும், அதனால் ஐந்து பத்து பீஸுக்குக் கட்டுப்படியாகாது, 50 பீஸுக்கு மேல் போனால்தான் விலை இறங்கும். ஆனால் தடவிப் பார்த்தால் பிரின்ட் இருப்பதே கைக்குத் தெரியாது, துணியோடு துணியாக இருக்கும். சூட்டில் மை ஆவியாகி இழைக்குள் ஏறுகிற சப்ளிமேஷன் மலிவுதான், ஆனால் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்திக்கு ஆகாது. இன்னொன்று, தேயிலைக் கொழுந்தின் அந்த இளம்பச்சை திரையில் மின்னுகிற மாதிரி துணியில் மின்னாது. ஒரு பீஸ் அடித்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள்.

சரக்கு வைக்கிற இடமும் முக்கியம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் நன்றாகப் பெய்யும், அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை துணி காயவே காயாது. நான் அட்டைப்பெட்டியைச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்திருந்தேன், 30 பீஸில் பூஞ்சை வாசம் ஏறிவிட்டது. இப்போது பலகை மேல், சுவரைத் தொடாமல் வைக்கிறேன், மழை மாதங்களில் ஸ்டாக்கையே குறைத்துவிடுகிறேன்.

இதற்கு ஒரு வழி பிரின்ட் ஆன் டிமாண்ட். ஆர்டர் வந்தால் அவர்களே அடித்து, பேக் செய்து, உங்கள் பெயரில் அனுப்புவார்கள், நீங்கள் சரக்கே வைக்க வேண்டாம். மாசம் ஐந்து ஆர்டர் வருமா பத்து வருமா என்று தெரியாதபோது இது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லாபம் குறைவு, அதுகூடப் பரவாயில்லை. வாங்குகிறவர் கைக்குப் போகிற டி-ஷர்ட்டை நீங்கள் கண்ணாலேயே பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் பயம். அப்படிப் போவதென்றால் ஒவ்வொரு டிசைனையும் முதலில் உங்கள் வீட்டு முகவரிக்கே ஆர்டர் போட்டு வாங்கிப் பாருங்கள்.

என்ன டிசைன் போடுவது? மலை ரயிலும் 'ஐ லவ் ஊட்டி'யும் ஊட்டி சேரிங் கிராஸில் கடைக்குக் கடை தொங்குகின்றன, அதையே நீங்களும் போட்டால் உங்களிடம் வாங்க யாருக்கும் காரணம் இல்லை. என்னிடம் அதிகம் போனது ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே கோடாக வரைந்தது. அடுத்தது சீகாரப் பூங்குருவி. சினிமா வசனம், நடிகர் முகம் இதெல்லாம் சீக்கிரம் விற்கும், ஆனால் அது இன்னொருவருடைய சொத்து, தொடாதீர்கள்.

தோடர் எம்பிராய்டரியைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இருந்து 200 டி-ஷர்ட் கேட்டார்கள், நெஞ்சில் அந்தச் சிவப்பு கறுப்பு வேலைப்பாட்டை அப்படியே பிரின்ட் போட்டுத் தரச் சொன்னார்கள். எனக்கு அந்த மாதம் பணம் தேவையாகத்தான் இருந்தது. முடியாது என்றேன். தோடர் பெண்கள் துணியில் கோடு எதுவும் வரையாமல் இழையை எண்ணி எண்ணித் தைப்பது அது, அவர்கள் போர்த்துகிற பூத்துக்குளிச் சால்வையின் உள்பக்கத்தைத் திருப்பினாலும் வேலை நேர்த்தியாக இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய கலை. நாட்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் செய்வதைப் படம் எடுத்து 400 ரூபாய்க்கு அடித்து விற்றால், அவர்களிடம் நேராக வாங்க வேண்டியவர் எதற்கு அந்த விலை கொடுப்பார்? டிசைனுக்கு நமக்கு மலையில் எத்தனையோ இருக்கிறது, இதை விட்டுவிடலாம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி, பிரின்ட், பேக்கிங், கூரியர், ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேயின் கமிஷன், பத்தில் ஒன்று வீணாகும் என்கிற கணக்கு, இவ்வளவையும் கூட்டிய பிறகு விலை வையுங்கள். கேஷ் ஆன் டெலிவரியை நான் நிறுத்திவிட்டேன், வாங்காமல் திரும்பி வந்தால் போக வர இரண்டு கூரியர் செலவும் நம் தலையில்தான். தமிழ்நாட்டுக்கு வெளியே விற்பதென்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான உடைக்கு வரி 5 சதவீதம். ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

டெலிவரி நாளை இழுத்தே சொல்லுங்கள். நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு என்றால் இரண்டு நாள் பார்சல் நகராது, இதை முன்பே எழுதி வைத்தால் யாரும் கோபப்படுவதில்லை. பிளாஸ்டிக் கவரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். 2019இல் மாநிலம் முழுக்கத் தடை வருவதற்குப் பல வருடம் முன்பே நம் நீலகிரி மாவட்டத்தில் தடை இருந்தது, நம் கடையில் இருந்து அது கிளம்பக் கூடாது. நான் கனமான பிரவுன் பேப்பரில் இரண்டு சுற்று சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். ஒரு பார்சலுக்கு 14 ரூபாய் கூடுதலாகிறது. ஆகட்டும்.

அந்தத் தம்பிக்கு என்னிடம் இருந்த மூன்று விதத் துணியில் விதத்துக்கு ஒன்றாக மூன்று டி-ஷர்ட்டும் ஒரு டேப்பும் கொடுத்து அனுப்பினேன். நேற்று அளவு எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், நான்கு துவை முடிந்திருக்கிறது. 160 ஜிஎஸ்எம் ஒன்றரை அங்குலம் போய்விட்டதாம். பத்து முடிந்ததும் இரண்டு பேரும் காதர்பேட்டை போகிறோம்.